முன்சீப் மீது போட்ட மனு

மயிலம்மாள்: ...அது சரி முன்சீப்பு, அந்தக் கிழிஞ்ச துண்டு யாருது?

சின்னையா: எங்க பண்ணையாளுது. விசாரணையில சரிகைத் துண்டோட போய் நின்னா, பாத்ததுமே திருடன்னு முடிவு பண்ணிடுவாங்க இல்ல. உன் தோடு எங்க காணோம்?

மயிலம்மாள்: மடியில முடிஞ்சு வச்சிருக்கேன். மனுவுல 'நாதியத்த ஏழை'ன்னு எழுதிட்டு, காதுல செவப்புக்கல்லு மின்னினா நல்லாவா இருக்கும்?

வீரமலை: டிக்கெட்... டிக்கெட். ஏன் அத்தே, இது என்ன கூத்து? வாய்க்கால் பாலத்துப் பலகையப் பேத்து வித்துட்டாருன்னு, கிராம முன்சீப்பு இவரு மேல மனுப் போட்டதே நீங்க. இப்ப முன்சீட்டும் பின்சீட்டுமா உக்காந்து கதை பேசுறீங்க...

மயிலம்மாள்: திருச்சியில இருந்து நம்ம ஊருக்கு இருக்கிறது உன் பஸ்ஸு ஒண்ணு. இவரு என்ன நடந்தா வருவாரு?

வீரமலை: சரி, விசாரணை என்ன ஆச்சு?

சின்னையா: டெபுடி கலெக்டர் முன்னாடி இவ அழுதா பாரு... எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு.

மயிலம்மாள்: நீங்க மட்டும்? கையக் கட்டிக்கிட்டு, 'எசமான், ஒரு எறும்பக்கூட மிதிச்சதில்ல'ன்னு... ஊர்ல அந்தக் குரலை நாங்க ஒருநாளும் கேட்டதில்லையே.

சின்னையா: அந்த டெபுடி கலெக்டரை விடவா? 'அந்தப் பாலம் எனக்கு நல்லாத் தெரியும், எத்தனையோ தடவை ஜீப்புல போயிருக்கேன்'னாரு.

வீரமலை: ஜீப்புலயா... அதுல ஆளு நடந்தாலே ஆடுமே ஐயா?

மயிலம்மாள்: நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து, 'ஆமாங்க எசமான்'னோம்.

வீரமலை: கடைசியா என்னதான் சொன்னாரு?

சின்னையா: என்னை வேலையில இருந்து நிறுத்தி வச்சுட்டாரு.

மயிலம்மாள்: புதுப்பாலத்துக்கு ஓவர்சியரைக் கூப்பிட்டு அங்கயே உத்தரவு. 'கல்லுல கட்டுய்யா, மரத்துல போட்டா இந்த ஆளு மறுபடி வித்துடுவான்'னு.

வீரமலை: நல்லா வேணும். கோவிச்சுக்காதீங்க ஐயா... பாலம் இல்லாம ஊரே இடுப்புத் தண்ணியில எறங்கிப் போகுது. இவங்க மருமக நெறமாசக்காரி, போன வாரம் சறுக்கி விழுந்து ஏதோ பொழச்சுது. உங்களுக்குப் பலகை கேக்குது.

சின்னையா: சொல்லுப்பா. கேட்டுக்க வேண்டியதுதான்.

மயிலம்மாள்: போதும் வீரமலை, விடு.

வீரமலை: ஜெயிச்சது நீங்க. நீங்க ஏன் அத்தே கண்ணைத் தொடைக்கிறீங்க? ...ஸ்ரீரங்கம் எறங்குறவங்க எல்லாம் முன்னாடி வாங்க... ஸ்ரீரங்கம்...

சின்னையா: போயிட்டானா?

மயிலம்மாள்: போயிட்டான்... எனக்கு மனசு கேக்கல முன்சீப்பு. பலகை வெள்ளத்துல போனது. புதுப்பாலம் வேணும்னு நீங்களும் எழுதி எழுதிக் கை ஓஞ்சு போனீங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்கல.

சின்னையா: பாலம் இல்லன்னு எழுதினா அதிகாரிங்க வரமாட்டாங்க. முன்சீப்பு திருடிட்டான்னா ஓடி வருவாங்க. நான்தான் அன்னைக்கே சொன்னேனே.

மயிலம்மாள்: நீங்க சொன்னீங்க, நானும் மனுவைப் போட்டுட்டேன். வேலையே போயிடுச்சே... வீரமலைகிட்ட மட்டுமாவது உண்மையச் சொல்லிடட்டுமா?

சின்னையா: மூச்சு விடாத. பாலம் கட்டி முடியிற வரைக்கும் நான் திருடன்தான்.