நனையாத மூலை

பின்வரிசையில ரெண்டு பேருக்குக் கண்ணு சொருகுது... பரவாயில்லை. கொஞ்ச நேரம் பிரசங்கத்தை ஓரமா வைச்சுட்டு, ஒரு குட்டிக் கதைக்குள்ள போயிட்டு வந்துடுவோம்.

ஒரு சபை. புதன்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம். இந்த வாரம் இவங்க வீடு, அடுத்த வாரம் அவங்க வீடு. அந்தச் சபையில நவமணின்னு ஒரு அக்கா. புருஷன் இல்லை. பழைய ஓட்டு வீடு. ஓடெல்லாம் சரிஞ்சு, மழை பெஞ்சா வீட்டுக்குள்ளயும் குடை பிடிக்கணும். மகளுக்குக் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியில இருக்கா. சனிக்கிழமை அந்தப் பச்சைக் குழந்தையோட இந்த வீட்டுக்குத்தான் வரணும். மாசமோ ஐப்பசி.

நவமணி அக்கா வாராவாரம் ஒரே விண்ணப்பம்தான் சொல்லுவாங்க. கூரைக்காக ஜெபிச்சுக்கோங்க. ஜெபிச்சாங்களா? ஜெபிச்சாங்க. கண்ணீரோட ஜெபிச்சாங்க. எங்கே உட்கார்ந்து? சொட்டு ஒழுகாத கான்கிரீட் வீட்டுல உட்கார்ந்து... முடிஞ்சதும் சுண்டல், காபி. அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை, முறை நவமணி அக்கா வீட்டுக்கே வந்தது. முடிவு ஜெபம் யாரு? அருமைநாயகம் ஐயா. உங்க சபையிலயும் அப்படி ஒருத்தர் இருப்பாரே... ஆதாம், நோவா, மோசேன்னு எல்லாரையும் நலம் விசாரிச்சுட்டுத்தான் ஆமென் பக்கம் வருவார். எல்லாரும் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினாங்க. ஐயா ஆரம்பிச்சார். மழையும் ஆரம்பிச்சது.

முதல் சொட்டு பாடகர் குழுத் தலைவரோட வழுக்கையில. ஜெபத்துல கண்ணைத் திறக்கலாமா? கூடாதே. மனுஷன் கண்ணை மூடிக்கிட்டே கொஞ்சம் நகர்ந்தார். அடுத்த சொட்டு ஓய்வுநாள் பள்ளி டீச்சர் கழுத்துக்குள்ள. அவங்களும் நகர்ந்தாங்க... கண்ணை மூடிக்கிட்டே. ஐயா நோவாகிட்ட வந்து சேர்ந்தப்ப மழை நல்லா பிடிச்சுக்கிச்சு. அவரும் விடலை. ஜெபிச்சுக்கிட்டே, முழங்காலாலேயே நகர்ந்தார்.

கடைசியா, குரல் தழுதழுக்க... "ஆண்டவரே, உம்முடைய மகள் நவமணியுடைய கூரையைச் சரி செய்ய யாரையாவது அனுப்பும்... ஆமென்."

கண்ணைத் திறந்தா... மொத்தக் கூட்டமும் ஒரே மூலையில. வீட்டுல நனையாத இடம் அது ஒண்ணுதான். டீச்சரோட முழங்கை ஐயாவோட விலாவுல. ஐயாவோட கண்ணாடி பாடகர் குழுத் தலைவர் காதுல தொங்குது. எந்தக் கால் யாருடையதுன்னு பிரிச்சு எடுக்க முடியலை. யாரோ ஒருத்தர் களுக்குன்னாங்க... அவ்வளவுதான், மூலையே குலுங்கிச்சு.

நவமணி அக்கா அடுப்படி வாசல்ல காபித் தட்டோட நின்னாங்க. அவங்களும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே மெதுவா சொன்னாங்க.

"யாரையாவது அனுப்பும்னீங்க ஐயா. இத்தனை பேரை அனுப்பியிருக்காரே... சிந்தாம சிதறாம, ஒரே இடத்துல சேர்த்து வேற."

சிரிப்பு நின்னுடுச்சு. ஐயா தொண்டையைச் செருமினார். இன்னொரு ஜெபம் ஆரம்பிக்கப் போறாரோன்னு எல்லாருக்கும் பயம். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு.

"ஏணி இருக்காம்மா?"

மறுநாள் மழை விட்டதும் ஒருத்தர் ஏணி பிடிச்சார், ஒருத்தர் ஓடு எடுத்துக் கொடுத்தார், டீச்சர் கீழே நின்னு எல்லாரையும் அதட்டினாங்க. சனிக்கிழமை குழந்தை வந்தது. அன்னைக்கும் மழை. குழந்தை மேல ஒரு சொட்டு விழலை.

அன்பானவங்களே... அந்தச் சபைக்கு இரக்கம் இல்லையா? நிறைய இருந்தது. ஆனா ஒவ்வொருத்தரும் அடுத்தவர் பார்த்துக்குவார்னு நினைச்சாங்க. அந்த அடுத்தவரும் அப்படியே நினைச்சார். ஒருத்தர் கூரை ஒழுகினா அது அவங்க வீட்டுக் கஷ்டமா? நம்ம சபையோட கூரை அது.

ஜெபிங்க. நல்லா ஜெபிங்க. யாரையாவது அனுப்பும்னு கேளுங்க... கேட்டுட்டு, எழுந்திரிச்சுப் போங்க. ஏன்னா, ஆண்டவர் அனுப்பணும்னு நினைச்ச ஆளு, இவ்வளவு நேரமா முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கார்.