காப்பும் மாத்திரையும்

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கிய ஜீப்பில், ஐம்பதைக் கடந்த ஓர் அக்காவும் தம்பியும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்த பைபோலாரு மனவியாதி வயசாக வயசாக முத்துமாமே. அப்புறம் மாத்திர எதுக்குக்கா?" என்றார் தம்பி.

"வயசு ஒண்ணும் முத்த வெக்கல. ஆடி மாசந்தான் முத்த வெக்குது. வருசா வருசம் கோயிலுக்குக் காப்பு கட்டிக்கினு, விரதம்னு மாத்திரைய நிறுத்திடற. மொதல்ல தூங்காம ஊரெல்லாம் சுத்தற. அப்புறம் ரெண்டு மாசம் பாய விட்டு எழுந்திருக்கறதில்ல. நிறுத்த நிறுத்த அடிக்கடி வரும்னு டாக்டரு சொன்னாரா இல்லியா?"

"சாமி காரியம்க்கா."

"பூசாரியுந்தான் காப்பு கட்டிக்கினு கீறாரு. தெனம் சக்கரைக்கு மாத்திர போடல?"

ஜீப் இரண்டு வளைவுகள் இறங்கியது. தம்பி வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"பத்து நாளு எல்லாரும் கோயில்லதான் படுக்கறோம். மாத்திரைய எடுத்தா இன்னாத்துக்குன்னு கேப்பாங்க. அவரு சக்கரன்னுவாரு. நான் இன்னான்னு சொல்றது?"

அக்கா மடியிலிருந்த மருந்துப் பையை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தார்.

"நீயும் சக்கரன்னே சொல்லித் தொலையேன்டா."