மூடுபனியில் ஒரு மலைக்கூவல்

பெயர்: சோமின் உரியார்த்தே. வயது 47. தொழில்: மீன்பிடி, சொந்தப் படகு. விலாசம்: கோவில் தெரு, சாந்துர்சி, பில்பாவோ முகத்துவாரம். 1937 மே மாதம், பிரான்சில் பயோன் துறைமுகக் காவல் நிலையத்தில், பாஸ்கு மொழியில் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி, மகளுடன் குடியிருந்து வருகிறேன். இந்த உள்நாட்டுப் போரில் எங்கள் எதிரியான கலகப் படையின் விமானங்கள் எங்கள் பக்கம் குண்டு போட ஆரம்பித்த பிறகு, பிள்ளைகளைக் கடல் வழியாக இந்த நாட்டுக்கு அனுப்புவதென்று முடிவானது. முதல் நடையில் இருபத்தாறு பிள்ளைகளையும் ஆசிரியை பெகோன்யாவையும் ஏற்றினேன். படகுக்காரன் பிள்ளை கடைசியில்தான் ஏறும், எங்கள் துறையில் அப்படித்தான். ஆகவே என் மகள் அரான்சா அடுத்த நடைக்காகக் கரையில் காத்திருக்கிறாள். என் படகையோ நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இங்கே உட்கார்ந்து பேசுவது எனக்கு நெருப்பின் மேல் இருப்பது போல இருக்கிறது.

எனக்குப் பின்னால் வேறொரு படகில் வந்த ஆந்தோன் கோயிரி, என் படகிலிருந்து யாரோ எதிரிக் கப்பலுக்குக் குரல் கொடுத்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார். குரல் கொடுத்தது உண்மை. யார், எதற்கு என்பதைச் சொல்கிறேன்.

மாலையில் புறப்பட்டோம். பிள்ளைகளில் பாதிப் பேர் மலைப் பண்ணைகளைச் சேர்ந்தவர்கள், கடலையே பார்க்காதவர்கள். அவர்களில் நெகானே என்ற பதினோரு வயதுப் பெண், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, இதுக்கு அந்தப் பக்கம் வேலி எங்க இருக்கு?" என்று கேட்டாள். அதன் பிறகு எல்லோரும் மீன் கூடைகளில் வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினார்கள்.

விடிந்தபோது எதிரி பிடித்துவிட்ட கரைக்கு எதிரே, கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தோம். மூடுபனி இறங்கியது. படகின் முனையில் நின்ற என் மச்சான் கெபாவைக்கூடப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு ஒரு பெரிய எஞ்சின் சத்தம் கேட்டது. அந்தக் கடலில் அவ்வளவு பெரிய எஞ்சின் எதிரியின் போர்க்கப்பலுக்குத்தான் உண்டு. நான் எங்கள் எஞ்சினை நிறுத்தினேன்.

"மச்சான், நேரா நம்ம மேலதான் வர்றான்," என்றான் கெபா.

"வாயை மூடுடா. உன் குரலைக் கேட்டுத்தான் வழி கண்டுபிடிக்கப் போறான்."

அப்போது நெகானே பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கூவினாள். மலைக்காரர்கள் குன்றுக்குக் குன்று போடும் கூவல் அது. குலவை போலத் தொடங்கி, குதிரைக் கனைப்பு போல முடியும். அவள் வாயைப் பொத்தக் கையை ஓங்கினேன். அதற்குள் மலைப் பண்ணைப் பிள்ளைகள் எல்லோரும் விழித்து, ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் எடுத்துக் கூவ ஆரம்பித்தார்கள். பனி முழுவதும் கூவியது. ஓங்கிய கை அப்படியே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

கப்பலில் ஸ்பானிய மொழியில் கத்தினார்கள், எனக்கு அது தெரியும். "நிறுத்து, நிறுத்து! மலைக்காரனுங்க கத்துறானுங்க, பாறைகிட்ட வந்துட்டோம்!" இன்னொருவன், "பின்னால எடுடா, மடையா!" என்றான். அந்தக் கப்பல் திரும்பியபோது எழுந்த அலை எங்கள் படகைத் தூக்கிப் போட்டது. அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அதன் பிறகு சத்தம் தேய்ந்து போயிற்று.

"யாருடி உன்னைக் கத்தச் சொன்னது?" என்று கேட்டேன்.

"பனி இறங்கினா குரல் குடுக்கணும் மாமா. எதிர்ல மாடு வருதா, வண்டி வருதான்னு தெரியாதுல்ல? நாம இருக்கோம்னு சொல்லலைன்னா மோதிடுவாங்க." பிறகு, "நல்லவங்க மாமா, ஒதுங்கிப் போயிட்டாங்க," என்றாள்.

சின்ன வயதிலிருந்து கடலில் கிடக்கிறேன். இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. இனியும் காணப் போவதில்லை.

கூவிய கூவலில், கரை சேர்வதற்குள் நெகானேவுக்குத் தொண்டை அடியோடு கட்டிவிட்டது. உங்கள் கேள்விக்கு அவள் பேசாமல் இருந்தது அதனால்தான். மறைக்கிறாள் என்று எழுத வேண்டாம்.

இன்று காலை துறைமுகத்தில் கத்தியது யார் என்றும் விசாரித்தீர்கள். நான்தான், அடுத்த நடையில் பனி இறங்கினால் நானே கூவ வேண்டுமே என்று. என் கையைத் தன் தொண்டையில் வைத்து நெகானே குரல் இல்லாமலே கற்றுக் கொடுத்தாள். "இதைக் கேட்டு எவன் மலைன்னு நம்புவான் மச்சான்? வயித்து வலின்னு நினைப்பான்," என்று கெபா சிரித்தான். நெகானேவும் ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் விடவில்லை. கடைசியாகக் கூவியபோது, சரக்குக் கிட்டங்கியில் தூங்கிக்கொண்டிருந்த அவள் தம்பி எழுந்து, "அப்பா வந்துட்டாரு!" என்று வெறுங்காலோடு ஓடிவந்தான்.

ஆகவே கூவல் எனக்கு வந்துவிட்டது. படகை விடுங்கள்.

இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டு, காதால் கேட்டவை. எனக்குப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) சோமின் உரியார்த்தே