வெளியேற்று என்ற பொத்தான்

என் மனைவிக்கு முதுகு வலிக்கக் கூடாதே என்று நல்ல நாற்காலியாகப் பார்த்து நானே வாங்கிக் கொடுத்தேன். விசாரணைக் குழு இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

பல்கலைக்கழகத்தின் மெய்நிகர் கணினிச் சேவையை நிர்வகிப்பவன் நான். கட்டுமான வடிவமைப்பு மென்பொருளை வீட்டுக் கணினியில் ஏற்றினால் அது மூச்சுமுட்டிப் படுத்துவிடும். ஆகவே மென்பொருள் எங்கள் இயந்திரத்தில் ஓடும்; மாணவர்கள் வீட்டிலிருந்தே அதன் திரையைத் திறந்து வேலை செய்வார்கள். துணைவேந்தர்தான் தொடங்கிவைத்தார். தொட்டுக் காட்ட ஒன்றுமில்லாததால் ஒரு காலி மானிட்டருக்கு ரிப்பன் கட்டினோம். மின்கம்பியையும் சேர்த்து வெட்டப் பார்த்தார். கைதட்டலுக்கு மட்டும் குறைவில்லை.

என் திரையில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் எதிரே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ‘துண்டி’ என்றால் இணைப்பு மட்டும் போகும், வேலை அப்படியே காத்திருக்கும். ‘வெளியேற்று’ என்றால் சேமிக்காததெல்லாம் துடைத்துவிடப்படும்.

என் மனைவி பெயருக்கு எதிரே ‘வெளியேற்று’ பொத்தானை முதல் தடவை கை தவறித்தான் அழுத்தினேன். எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் படித்தாள்; அவளுக்கு அது கடைசி ஆண்டு. ஒரு நடைபாலத்தை வடிவமைத்துக் கொடுத்துவிட்டால் பட்டம். பட்டம் வந்தால் வேறு ஊரில் வேலை தயார். நான் கூட வருவேனா என்று அவள் கேட்டதாக நினைவில்லை.

“என்னங்க, பாதிப் பாலம் போச்சுங்க” என்று போனில் அழுதாள்.

“சேவ் பண்ணினியா?”

“பண்ணினேன்னுதான் நினைக்கிறேன்.”

அந்த ‘நினைக்கிறேன்’ எனக்குப் பிடித்துப்போயிற்று. அதுவரை எதைக் கேட்டாலும் ‘தெரியும்’ என்பாள். அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய் டீ போட்டுக் கொடுத்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அதன் பிறகு கை தவறவில்லை.

அவள் கெட்டிக்காரி. தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் அடிக்கடி சேமிக்கக் கற்றுக்கொண்டாள். அந்த இடத்துக்கும் சாவி என்னிடம்தான். புதிய கோப்பை எடுத்துவிட்டுப் பழையதை அங்கே வைப்பேன். நேற்று நிறுத்திய தூண் இன்று இருக்காது.

“நேத்து இதை முடிச்சேனா இல்லையாங்க?” என்று என்னிடமே கேட்பாள்.

“ரொம்ப அலட்டிக்காதம்மா” என்பேன்.

மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். ஞாபகமறதிக்கு மாத்திரை கொடுத்தார். மாமியார் போனில் மகளிடம், “மாப்பிள்ளை மாதிரி பொறுமைசாலி யாருக்குடி கிடைக்கும்?” என்றார். துறைத்தலைவரோ, மனைவியைப் படிக்கவைக்கும் முன்மாதிரிக் கணவர் என்று எனக்குக் கேடயமே கொடுத்துவிட்டார். பெண்கல்வி பற்றிப் பேசினேன். முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏசி நேராக அவர்கள் முகத்தில் அடித்தது.

நாளடைவில் அவள் அடுப்பைத் தனியாகப் பற்றவைக்கப் பயந்தாள். வங்கி அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டாள். “நான் எங்கயாவது போயிடப் போறேன், வெளியில பூட்டிட்டே போங்க” என்றும் சொன்னாள். பூட்டச் சொன்னது அவள்தான்.

சமர்ப்பிக்கும் நாளன்று பாலம் முழுசாக நின்றது. என் திரையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான பாலம். கோப்பை மாற்றிவிட்டு அழுத்தினேன்.

அப்போதுதான் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். “சார், அது உங்க வீட்டம்மா பேராச்சே?”

“ஆமாம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்னுதான்” என்றேன். அவர் போய் உங்களிடம் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும், அவர் கடமை.

அன்று அவள் அழவில்லை. “எனக்கு மூளை கெட்டுப்போச்சுங்க, படிப்பை விட்டுடறேன்” என்றாள். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அவளையும் அழைத்து விசாரிக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாமே. என்ன நடந்தது என்று நானே பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். யார் சொன்னாலும் மறுநாள் அவளுக்கு நினைவிருக்காது, பாவம்.