சும்மா சுத்துற ஃபேன்

லாரி இன்ஜினில் எனக்குத் தெரியாத பாகமே கிடையாது. சும்மா சொன்னேன், எனக்குத் தெரிந்தது ஹாரன் மட்டும்தான். பெண்டாட்டியோடு மீன் வாங்கத் தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் மீனும் ஐசும் ஏற்றிய பழைய லாரி ஒன்று ஆவி விட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் மெக்கானிக்கிடம் சொன்னான்:

“ஃபேனு நல்லாதாண்ணே இருக்கு. இன்ஜின நிறுத்திட்டு வெரலால தட்டுனேன், பம்பரமா சுத்துது.”

“அதனாலதான்டா கெட்டுப்போச்சிங்கறேன்.”

“சுத்துனா கெட்டதா?”

“சூடு ஏறுனா ஃபேனு நடுவுல இருக்கற கிளட்ச்சு அத இறுக்கிப் புடிக்கணும். இது புடிய உட்டுடுச்சி. அதான் சும்மா சுத்துது.”

“காலாப்பட்டு ரோட்டுல ஓடறப்போ சூடே ஏறலியே?”

“ஓடுனா எதுர்க்காத்து வருது. நின்னா ஃபேனுதான காத்து குடுக்கணும்?”

எனக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“அப்போ நிக்காமலே மெட்ராசு போயிடறேன். மீனு நாறிடும்ண்ணே.”

“போயேன். டோல்கேட்டுல எறங்கி விசிறுவியா?”

டிரைவர் ஃபேனை இன்னொரு தட்டு தட்டினான். அது பாட்டுக்குச் சுற்றியது.

“சரி, கழட்டுண்ணே. ஐசு உருகறதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

மெக்கானிக் வாயைத் திறந்தார்.

“யோவ்! மீனு வாங்க வந்தியா, லாரி வாங்க வந்தியா?” என்று என் பெண்டாட்டி கத்தினாள்.