செபமாலையில் தொங்கிய மெடல்

“வெள்ளைக்காரன்ர சண்டையில அப்பா பிளேன் ஓடி வாங்கின மெடலையோ நீ செபமாலையில கோத்து வைச்சிருக்கிறாய்?”

மன்னார்ப் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை விட்டிறங்கி, ஆமிச் சோதனைக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்றவர்தான் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியிடம் இப்படிக் கேட்டார்.

“மெடலெண்டாலும் சிலுவைதானே. மாமா செத்த பிறகு பங்குச் சாமியார் மந்திரிச்சும் தந்தவர்.”

“மந்திரிச்சவர் வடிவாப் பாத்தவரோ? குறுக்கால செட்டை கிடக்குது.”

“மோட்சத்துச் சம்மனசின்ர செட்டை எண்டெல்லோ நினைச்சனான்.”

“அது பிளேன்ர செட்டையடி. நுனியில இருக்கிறதும் பூமொட்டில்லை, குண்டு. ஆமி கண்டால் இயக்கம் தந்த மெடல் எண்டுதான் நினைப்பான். என்ன சொல்லப் போறாய்?”

“அப்ப எறியட்டோ?”

அவர் மனைவியின் கைப்பையை இழுத்து மூடினார்.

வரிசை நகர்ந்தது. பெண் சிப்பாய் ஒருத்தி மனைவியின் கைப்பையைக் கிளறிச் செபமாலையை வெளியே எடுத்தாள். அவள் சிலுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை முத்தமிட்டுக் கையில் கொடுத்தாள்.

“பாத்தியளோ?” என்றார் மனைவி, பாலத்தடிக்கு வந்ததும்.

அவர் வாய் திறப்பதற்குள் இயக்கத்தின் கையிலிருந்த வன்னிப் பக்கம் போகிற குண்டு விமானத்தின் இரைச்சல் தலைக்கு மேலே கேட்டது. பழக்கத்தில் எல்லோரும் குனிந்தோம். மனைவி கண்ணை மூடிக்கொண்டு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லத் தொடங்கினார். கணவர் அவர் கையைத் தடவித் தேடி, அந்தச் சிலுவையைத் தானும் இறுகப் பிடித்துக்கொண்டார்.