ஆறு மாதம் ஓடாத டெஸ்ட்

செங்கல்பட்டில் மின்சார ரயில் கிளம்பியதும், எதிர் சீட்டில் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு உட்கார்ந்திருந்தவன் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னான்:

"மாலதி, ஆறு மாசமா உன் ப்ரோக்ராமோட டெஸ்ட் ஒண்ணுகூட ஓடல."

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"டெய்லி பாஸ்னுதானே வருது?"

"அது பில்லிங்கோட டெஸ்ட்டு. உன் ரிப்போர்ட் ஃபோல்டருக்கு டெஸ்ட்ட ஓட்டற ரேக்ஃபைல் வேணும்னு பில்லிங்ல இருந்து காப்பி அடிச்சேன். உள்ள இருந்த ஃபோல்டர் பேர மாத்தல. நீ ஓட்டுனா அது பில்லிங்கத்தான் ஓட்டிகினு இருந்திருக்குது."

"இன்னிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நேத்தே தெரிஞ்சுது. ஏழு ஃபோல்டர்லயும் ஒரே கதைய எழுதி வெச்சிருக்கோமேன்னு எல்லாத்துக்கும் பொதுவா மேல ஒரே ஃபைல்ல போட்டேன். இனிமே ஒவ்வொரு ஃபோல்டரும் அதும் பேர மட்டும் சொன்னா போதும். ஓட்டிப் பாத்தேன், உன்னுது சிவப்பு."

"வெள்ளிக்கிழமை இது கஸ்டமருக்குப் போகணுமே."

"தெரியும்."

மறைமலைநகர் வந்தது. ஏறிய கூட்டம் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"எத்தன ஃபெயிலு?"

"நாப்பதுல மூணு."

"மூணுதானா?"

"மூணுதான். ஆபீஸ் போனதும் நானே சரி பண்ணிடறேன். தப்பு என்னுது."

"ஆறு மாசமா யாருமே பாக்கல. அப்பவும் மூணுதானா?"

அவள் டிபன் டப்பாவைத் திறந்து முதல் இட்லியை அவனிடம் நீட்டினாள்.

"அந்த மூணயும் நான் பாத்துக்கறேன். நீ போனதும் மத்த முப்பத்தேழும் நெஜமாவே பாஸ்தானான்னு எனக்கு ஒரு தடவ ஓட்டிக் காட்டு."